பழைய லாரியில் புகையும் கம்ப்ரஷன் குறைவும்: எங்கிருந்து தேடுவது?

"வண்டி புகை தள்ளுது, மேட்டுல இழுக்கலை, இன்ஜின் போயிடுச்சு." இந்த மூன்றும் எப்போதும் ஒரே மூச்சில்தான் வரும். முதல் இரண்டும் டிரைவர் கண்ணால் பார்த்தவை. மூன்றாவது யாரோ சொன்னது. அந்த மூன்றாவதை நம்பி இன்ஜினை இறக்கி, பிஸ்டன் ரிங்கும் லைனரும் (பிஸ்டன் ஓடும் உறை) மாற்றி, மறுபடி ஏற்றிய பிறகும் அதே புகையோடு நிற்கும் வண்டிகளை நிறையப் பார்த்தாயிற்று. புகை, எந்தத் திசையில் தேட வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும். ரிங்கா, வால்வா, ஹெட் பேக்கிங்கா (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள கேஸ்கட்) என்பதைக் கம்ப்ரஷன் கேஜும் காதும்தான் சொல்ல வேண்டும்.

இங்கே எழுதுவது மெக்கானிக்கல் டீசல் பம்ப் வைத்த பழைய லாரிக்கு. 4 சிலிண்டரோ 6 சிலிண்டரோ, டர்போ இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும். காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மிக உயர்ந்த அழுத்தத்தில் டீசல் அடிக்கும் புது வகை) வண்டியில் செய்யவே கூடாத சோதனை ஒன்று இதில் வருகிறது. அந்த இடத்தில் சொல்கிறேன்.

ஸ்பேனரை எடுக்கும் முன் டிரைவரிடம் நாலு கேள்வி. புகை காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டுமா, நாள் முழுவதுமா? லோடு ஏறும்போதா, இறக்கத்தில் கால் எடுத்து மறுபடி மிதிக்கும்போதா? ஆயிலும் தண்ணீரும் எவ்வளவு நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு ஊற்றுகிறார்? கடைசியாக என்ன வேலை பார்த்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் ஒளிந்திருக்கும். பம்ப் வேலை முடிந்த மறுநாளிலிருந்து கறுப்புப் புகை வந்தால், பிஸ்டன் திடீரென்று தேய்ந்திருக்க வாய்ப்பில்லை.

கறுப்புப் புகை

இதை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் இதில் கம்ப்ரஷனுக்கு, அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தத்துக்கு, பங்கு குறைவு. டீசல் அதிகம், அல்லது காற்று குறைவு, அவ்வளவுதான். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, டர்போவிலிருந்து மேனிபோல்டுக்கு வரும் ஹோஸ் எங்காவது கிழிந்திருக்கிறதா, நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) சொட்டுகிறதா, பம்ப் டைமிங் தள்ளியிருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். பழைய வண்டிகளில் இன்னொன்றும் உண்டு: "பிக்கப் வேணும்" என்று கேட்டதற்காக யாரோ பம்ப் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டிருப்பார்கள். ஸ்க்ரூவில் சீல் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சொட்டும் நாசிலை மட்டும் நாள் தள்ளாதீர்கள். எரியாத டீசல் சுவரில் வழிந்து ஆயில் படலத்தைக் கழுவிவிடும். அந்த ஒரு சிலிண்டர் மட்டும் சீக்கிரம் தேயும். பிஸ்டன் தலை உருகிப்போவதும் உண்டு. இன்றைய நாசில் பிரச்சினை நாளைக்குக் கம்ப்ரஷன் பிரச்சினையாக வந்து நிற்பது இப்படித்தான்.

வெள்ளைப் புகை

வெள்ளையில் இரண்டு வகை. குழப்பிக்கொண்டால் வேலை முழுக்கத் தவறான பக்கம் போய்விடும்.

ஒன்று, எரியாத டீசல். கண் எரியும், மண்ணெண்ணெய் மாதிரி நெடி அடிக்கும், புகை காற்றில் தொங்கிக்கொண்டே நிற்கும். மற்றொன்று நீராவி. சைலன்சர் வாயிலிருந்து சற்றுத் தள்ளிப் போனதுமே கரைந்துவிடும். கூலன்ட் கலந்த தண்ணீர் என்றால் இனிப்பான ஒரு வாடை இருக்கும். ஒரு தட்டையான தகரத்தைச் சைலன்சர் வாய்க்கு நேரே சில நொடி பிடித்துப் பாருங்கள். பிசுபிசுப்பு ஒட்டினால் டீசல், வெறும் தண்ணீர்த் துளி என்றால் நீராவி. குளிர்ந்த இன்ஜினில் முதல் இரண்டு மூன்று நிமிடம் ஆவி வருவது எல்லா வண்டிக்கும் இயல்பு, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

எரியாத டீசல் என்றால் கம்ப்ரஷன் சந்தேகத்துக்கு வருகிறது. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை 16லிருந்து 22 மடங்கு வரை அமுக்கும்போது வரும் சூடுதான் பற்றவைக்கிறது. நல்ல இன்ஜினில் அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காற்று ஒழுகினால் சூடு வராது, சூடு வராவிட்டால் டீசல் அப்படியே வெள்ளையாக வெளியே போகும். காலையில் வெள்ளையாகத் தள்ளி, சூடானதும் நின்றுவிடும் வண்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான். ஆனால் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) மெதுவாகச் சுற்றினாலும், சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் வேலை செய்யாவிட்டாலும், பம்ப் டைமிங் பின்தங்கினாலும் இதே புகைதான் வரும். முதலில் பேட்டரியைச் சார்ஜ் செய்து பாருங்கள். சிரிக்க வேண்டாம், பேட்டரி கேபிள் முனையைச் சுத்தம் செய்ததிலேயே நின்றுபோன வெள்ளைப் புகை உண்டு.

ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஏர் கிளீனரில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது வழக்கமாகிவிட்டது. ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அது பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடிக்கும். ரிங் உடையும், ரிங் உட்காரும் பள்ளம் உடையும். கம்ப்ரஷன் குறைவாக இருந்த வண்டி அன்றோடு கம்ப்ரஷனே இல்லாத வண்டியாகிவிடும்.

நீராவி என்றால் ஹெட் பேக்கிங், ஹெட்டில் விரிசல், அல்லது லைனரில் ஓட்டை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, உள்ளே பாருங்கள். தண்ணீர் சுற்றுவது வேறு, சீராகக் குமிழி விட்டுக்கொண்டே இருப்பது வேறு. ஸ்டார்ட் ஆன ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடாகும் முன்பே, மூடி போட்ட ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் போகிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் சம்ப்புக்கும் (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) வந்துவிட்டது. அதற்கு லைனரின் அடியில் உள்ள ரப்பர் ரிங்கும் காரணமாக இருக்கலாம்.

ராத்திரி நிறுத்தி, காலையில் செல்ஃப் அடிக்கும்போது "டக்" என்று பூட்டிக்கொண்டால், அதற்கு மேல் அடிக்கவே கூடாது. சிலிண்டரில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும். வளைந்த ராடு பிஸ்டனை முழு உயரத்துக்குக் கொண்டுபோகாது, அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் நிரந்தரமாகக் குறைந்துவிடும். ரிங்கும் வால்வும் சுத்தமாக இருந்தும் ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் இந்தச் சந்தேகம் வர வேண்டும்.

நீலப் புகை

ஆயில் எரிகிறது. எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதுதான் கேள்வி.

லோடு ஏற ஏற நீலம் கூடினால் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை). ராத்திரி நின்ற வண்டி காலையில் ஒரு கொத்து நீலம் விட்டு அப்புறம் சுத்தமாகிவிட்டால் வால்வு கைடு, வால்வு சீல். ஐடிலிங்கில் ரொம்ப நேரம் நின்று, ரேஸ் கொடுத்ததும் மேகம் மாதிரி வந்தால் டர்போவையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள்: டர்போவிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விடுங்கள். லேசான ஈரம் பரவாயில்லை, குழியில் ஆயில் தேங்கி நின்றால் டர்போ சீல் போயிருக்கிறது, அல்லது டர்போவிலிருந்து சம்ப்புக்கு ஆயில் இறங்கும் பைப் அடைத்திருக்கிறது. பைப் அடைப்புக்கு டர்போவை மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன், ஆயில் அளவு. அதிகம் ஊற்றியிருந்தாலும் நீலம் வரும். ஊற்றாமலே அளவு கூடியிருந்தால் டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை வந்தால் ஃபீட் பம்ப் அல்லது நாசில் வழியாக டீசல் சம்ப்பில் இறங்குகிறது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சம்ப்பில் உள்ளதையே உறிஞ்சி இன்ஜின் தானாக ரேஸ் ஆகிவிடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி ஆனால் டாப் கியரில் பிரேக்கை அழுத்தி கிளட்சை விடுவது ஒரு வழி. ஏர் கிளீனர் வாயைக் கனமான பலகையால் மூடுவது இன்னொன்று. கையால் மூடப் போகாதீர்கள்.

புகையே இல்லை, ஆனால் ஆயில் குறைகிறது

வெளியே கசிவும் இல்லையா? ஏர் பிரேக் உள்ள லாரி என்றால் ஏர் டேங்க்கின் அடியில் உள்ள டிரெய்னைத் திறந்து விடுங்கள். தண்ணீரோடு கறுப்பு ஆயில் கொட்டினால், தேய்ந்தது இன்ஜின் ரிங் இல்லை, ஏர் கம்ப்ரஸரின் ரிங்.

பேக் கம்ப்ரஷன்

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயின் மேல் கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் வயதான இன்ஜினுக்கு அது சகஜம். துள்ளிக் கீழே விழுந்தால், வாயிலிருந்து ரயில் மாதிரி புகை அடித்தால், சிலிண்டர் காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. இதைத்தான் பேக் அடிப்பது என்பார்கள்.

இங்கேயும் அவசரப்படக் கூடாது. சம்ப்பின் காற்று வெளியேறும் பிரீதர் பைப் அடைத்திருந்தாலும் காற்று மூடி வழியாகத்தான் முட்டும். ஏர் கம்ப்ரஸர் தேய்ந்திருந்தால் அதுவும் சம்ப்புக்குள் காற்றைத் தள்ளும். ஏர் டேங்க் நிரம்பி கம்ப்ரஸர் ஓய்ந்ததும் பேக் அடிப்பது குறைகிறதா என்று கவனியுங்கள். குறைந்தால் இன்ஜினை விட்டுவிட்டுக் கம்ப்ரஸரைப் பாருங்கள்.

மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் எரியாமல் ஓடுவது): எந்தச் சிலிண்டர்?

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில், எக்ஸாஸ்ட் மேனிபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் வாய்க்கு நேரே ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொட்டு வையுங்கள். எரியும் சிலிண்டரில் சொட்டு சீக்கிரம் ஆவியாகும். எரியாததில் அப்படியே வழிந்து இறங்கும்.

உறுதி செய்ய, ஐடிலிங்கில் ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் அரைத் திருப்பு தளர்த்தி, மறுபடி இறுக்கிக்கொண்டே போகலாம். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் தடுமாறும். செத்த சிலிண்டரில் சத்தம் மாறாது. கண்ணாடி போட்டுக்கொண்டு, நட்டின் மேல் துணியைச் சுற்றி, கையைத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், சூடான மேனிபோல்டில் பட்டால் தீப்பிடிக்கும். காமன் ரெயிலில் இதைச் செய்யவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாரையும் தாண்டக்கூடும்.

செத்த சிலிண்டரின் நாசிலைக் கழற்றி அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங் நாசிலோடு சேர்ந்து இடம் மாறினால் நாசில்தான் குற்றவாளி. பழைய இடத்திலேயே நின்றால், கேஜை எடுங்கள்.

கேஜ்

பெட்ரோல் வண்டிக்கு வைத்திருக்கும் கேஜ் இதற்கு ஆகாது. பெட்ரோல் இன்ஜின் 120லிருந்து 180 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு). டீசல் 350லிருந்து 450. டீசல் கேஜ் 1,000 பிஎஸ்ஐ வரை தாங்குவதாக இருக்கும். நாசில் துளையிலோ ஹீட்டர் பிளக் துளையிலோ பொருந்தும் அடாப்டரும் வேண்டும்.

இன்ஜின் சூடாக இருக்கட்டும். பம்ப்புக்கு டீசல் வராதபடி ஸ்டாப் லீவரை இழுத்துக் கட்டுங்கள். எல்லா நாசிலையும் கழற்றிவிட்டால் செல்ஃப் லேசாகச் சுற்றும், எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே வேகம் கிடைக்கும். கழற்றிய துளைகளுக்கு நேராகக் குனிந்து நிற்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு கம்ப்ரஷன் அடி (பிஸ்டன் மேலே வந்து அமுக்குவது), ஒரே எண்ணிக்கை. முள் எங்கே நின்றது என்பது மட்டுமல்ல, எப்படி ஏறியது என்பதையும் பாருங்கள். முதல் அடியில் கொஞ்சமாக ஏறி, அடுத்தடுத்த அடியில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் ரிங். முதல் அடியிலேயே குறைவாக நின்று, பிறகும் அசையாமல் இருந்தால் வால்வு.

ஒரு 6 சிலிண்டரில் 410, 290, 285, 400, 405, 415 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மற்ற நான்கும் நன்றாக இருக்க, பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் ஏறக்குறைய ஒரே அளவு விழுந்திருக்கின்றன. 2க்கும் 3க்கும் நடுவில் பேக்கிங் ஊதியிருக்கிறது. இதே வீழ்ச்சி 3லும் 4லும் வந்திருந்தால் ஒரு நிமிடம் நின்று ஹெட்டைப் பாருங்கள். பல லாரிகளில் மூன்று மூன்று சிலிண்டருக்குத் தனித்தனி ஹெட். அப்போது 3க்கும் 4க்கும் நடுவில் ஊத பேக்கிங்கே கிடையாது. எல்லாமே 300 சுற்றி இருந்தால் பொதுவான தேய்மானம், அல்லது மெதுவான செல்ஃப், அல்லது டைமிங் கியரில் பல் தவறியது. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். கடைசி எல்லை எவ்வளவு என்பதற்கு அந்த இன்ஜினின் மேனுவல்தான் அதிகாரம்.

பெட்ரோல் வண்டியில் சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி கேஜ் வைப்பார்கள். அளவு ஏறினால் ரிங் என்று முடிவு கட்டுவார்கள். டீசலில் இதைச் செய்ய வேண்டாம். எரியும் அறையே சின்னது, அந்த ஆயிலே இடத்தை அடைத்து அளவை ஏற்றிக் காட்டும். அந்த ஆயில் பற்றிக்கொள்ளவும் கூடும்.

காற்று ஏற்றிக் கேட்பது

எனக்கு இதுதான் பிடித்த சோதனை. குறைந்த சிலிண்டரை, இரண்டு வால்வும் மூடியிருக்கும் மேல் முனைக்குக் கொண்டுவாருங்கள். 6 சிலிண்டரில் 1ம் 6ம், 2ம் 5ம், 3ம் 4ம் ஜோடி. 6இல் ஒரு வால்வு மூடி மற்றது திறக்கும் அந்த நொடியில் 1 கம்ப்ரஷனின் உச்சியில் இருக்கும். நாசில் துளை வழியாக 100 பிஎஸ்ஐ போலக் காற்றை ஏற்றுங்கள். அதற்கு முன் கிராங்க் புல்லியில் மாட்டிய ஸ்பேனரைக் கழற்றிவிடுங்கள். பிஸ்டன் கொஞ்சம் தள்ளி நின்றாலும் காற்று இன்ஜினைச் சுழற்றிவிடும், ஸ்பேனர் பறக்கும்.

அப்புறம் காது. ஏர் கிளீனர் பக்கம் "உஸ்" என்றால் இன்லெட் வால்வு. சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் மூடியில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் பேக்கிங் அல்லது விரிசல். பக்கத்துச் சிலிண்டரின் துளையில் காற்று வந்தால் நடு பேக்கிங். ஆயில் மூடியில் லேசாகக் கேட்பது எந்த இன்ஜினிலும் இருக்கும். மற்ற இடங்களில் கொஞ்சம்கூடக் கேட்கக் கூடாது.

வால்வு என்று வந்தால் உடனே ஹெட்டை இறக்காதீர்கள். டாப்பெட் கவரைத் திறந்து, வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் கைக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். ஓட ஓட வால்வு தன் சீட்டுக்குள் புதைந்துகொண்டே போகும், இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒருநாள் இடைவெளியே இல்லாமல் போய் வால்வு முழுசாக மூடாது. 0.3 மில்லிமீட்டர் போல இருக்க வேண்டிய இடத்தில் மிக மெல்லிய தகடுகூட நுழையாத எக்ஸாஸ்ட் வால்வை, அட்ஜஸ்ட் செய்து 15 நிமிடத்தில் 280ஐ 390 ஆக்கியிருக்கிறேன். "இன்ஜின் வேலை" என்று எழுதி வைத்திருந்த வண்டி அது. ரொம்ப நாள் அப்படியே ஓட்டியிருந்தால் வால்வு முகம் கருகியிருக்கும், அப்போது ஹெட் வேலைதான்.

ரிங்தான் என்று உறுதியானால்

ஒரு கேள்வி பாக்கி: ஏன் தேய்ந்தது? வயது என்றால் சரி. ஆனால் ரிங் போட்டு எட்டு மாதத்தில் மறுபடி நீலம் தள்ளிக்கொண்டு வந்தது ஒரு வண்டி. ரிங் சரக்கு மட்டம் என்று எல்லோரும் திட்டினார்கள், நானும்தான். ஏர் கிளீனருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி, வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்தேன். ஃபில்டரைத் தாண்டிய பகுதி அது, துணி வெள்ளையாகவே வர வேண்டும். முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி மெல்லிய மண் படிந்து வந்தது. கிளிப்பை நகர்த்தினால் அதன் அடியிலேயே ஹோஸ் நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. கிளிப் மறைத்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ஃபில்டர் என்னவோ புத்தம் புதியது.

மண் தின்ற இன்ஜினில் மேல் ரிங்தான் முதலில் போகும். பழைய ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, இரண்டு முனைக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் விடுங்கள். 100 மில்லிமீட்டர் போரில் புது ரிங் 0.3, 0.4 மில்லிமீட்டர் காட்டும். 1 மில்லிமீட்டரைத் தாண்டினால் ரிங்கை மட்டும் மாற்றுவதற்கு முன் போரையும் அளந்துவிடுங்கள்: போர் விட்டம் 0.1 மில்லிமீட்டர் கூடினாலே ரிங் இடைவெளி 0.3 கூடிவிடும். போரின் மேல் விளிம்பில் நகத்தால் தடவும்போது படி மாதிரி தட்டினால் லைனர் வேலையும் சேர்ந்தது.

சில சமயம் ரிங் தேயாமல், கரி பிடித்துப் பள்ளத்திலேயே ஒட்டியிருக்கும். லோடு இல்லாமல் மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நிற்கும் வண்டிகளுக்கு இது வரும். போர் சுவரும் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருக்கும். ரிங் போட்டு ஏற்றிய வண்டியையும் இதற்காகத்தான் "மெதுவாகப் பழகட்டும்" என்று ஐடிலிங்கில் விட்டு வைக்கக் கூடாது. தண்ணீர் சூடானதும் மிதமான லோடில் ஓட்டுங்கள், ரிங் சுவரில் உட்காரட்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, மேனுவல் சொன்னால் ஹெட் போல்டை மறுபடி டார்க் (இறுக்கும் அளவு) பார்த்து, டாப்பெட்டையும் திரும்ப வையுங்கள்.

அந்தச் சமயத்தில் கேஜையும் ஒருமுறை வைத்து, தேதி, கிலோமீட்டர், ஆறு எண்கள் மூன்றையும் ஒரு தகரத்தில் பொறித்து ஏர் கிளீனர் மூடியின் உள்பக்கம் திருகி வைத்துவிடுவேன். அடுத்து ஃபில்டர் மாற்ற யார் திறந்தாலும் அது முதலில் கண்ணில் படும், ஹோஸ் கிளிப்பும் அதே இடத்தில்தான் இருக்கிறது.